கண்ணுக்குக் கீழே சுருக்கம்: கிரீமா, ஊசியா, லேசரா?

கேள்வி: எனக்கு 48 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து பறிக்கிறேன். இரண்டு மூன்று வருடங்களாகக் கண்ணுக்குக் கீழே சுருக்கம் அதிகமாகிவிட்டது. சிரித்தால் கண் ஓரத்திலிருந்து கோடு கோடாக ஓடுகிறது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை போல வீங்கியும் இருக்கிறது. செல்போனில் வரும் செய்தியைத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கித்தான் படிக்கிறேன். அப்போது இன்னும் வயதானவளாகத் தெரிகிறேன் என்று மகள் சொல்கிறாள். மருந்துக் கடையில் கேட்டேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒரு நாள் போடாவிட்டாலும் எரிகிறது, சிவந்துவிடுகிறது. கோவையில் இருக்கும் என் நாத்தனார், அங்கே ஒரு அழகு நிலையத்தில் லேசரும் ஊசியும் சேர்த்து 60,000 ரூபாய்க்குச் செய்கிறார்கள், வா என்று கூப்பிடுகிறார். ஆவணியில் மகளுக்குத் திருமணம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

— ஒரு வாசகி, நீலகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லேசரைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த டியூப்தான். போட்டால் பளிச்சென்று வருகிறது, நிறுத்தினால் எரிந்து சிவக்கிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அதற்குள் ஸ்டீராய்டு இருக்கும். டியூபின் மேல் பொடி எழுத்தில் மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், இன்றிலிருந்து அதைப் போடாதீர்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கரப்பானுக்கும் சொரியாசிசுக்கும் அதை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். எந்த இடத்துக்கு, எந்த அளவு வீரியத்தில், எத்தனை நாளைக்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் இமைத் தோல். அரை மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. அதன் மேல் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் தோல் இன்னும் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், சுருக்கம் கூடும். எந்தச் சுருக்கத்தைப் போக்கப் பூசினீர்களோ அதையே அது வளர்க்கும். அதோடு நிற்பதில்லை. கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், கண்புரை சீக்கிரம் வரலாம். இந்த வகை கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. அதற்குப் பிறகும் சாயங்காலம் கடைக்குப் போய் "முகத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பவர்களின் கையில் இவை போய்ச் சேர்கின்றன. என்னிடம் வருகிறவர்களில் இப்படி முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கேட்டதற்குக் கிடைத்ததை நம்பிப் போட்டார்கள்.

நிறுத்தியதும் சில நாட்கள் முகம் கோபித்துக்கொள்ளும். சிவக்கும், எரியும், சின்னச் சின்னப் பருக்கள்கூட வரலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் அதையே பூசிவிடாதீர்கள். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியை ஒற்றி எடுங்கள், வாசனை இல்லாத சாதாரண வாசலின் பூசுங்கள், டியூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். கூடவே ஒரு கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஒருவேளை அது டியூப் இல்லாமல், பெயரே தெரியாத டப்பா கிரீமாக இருந்தால் ஆபத்து வேறு. பாதரசம் கலந்த அப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, நம் மாவட்டத்துக்கு அடுத்த மலப்புரத்தில் 2023இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இனி சுருக்கத்துக்கு வருகிறேன். கண்ணுக்குக் கீழே தெரிவதையெல்லாம் நாம் ஒரே பேச்சில் சுருக்கம் என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது நான்கு வேறு விஷயங்கள். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. உங்களைப் பார்க்காமலேயே லேசரும் ஊசியும் சேர்த்து விலை பேசுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான். எது எது என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

முகத்தைச் சும்மா வைத்திருங்கள், சிரிக்காதீர்கள். அப்போதும் மெல்லிய கோடுகள் கசங்கிய காகிதம் மாதிரி தெரிகின்றனவா? அது தோலின் தேய்மானம். அடுத்து நன்றாகச் சிரியுங்கள். ஓரத்தில் கோடுகள் புதிதாகப் பாய்கின்றன, சிரிப்பை நிறுத்தினால் மறைந்துவிடுகின்றன என்றால், அது கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையின் வேலை. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பாருங்கள். கீழே இருக்கும் பை அப்போது பெரிதாகத் துருத்தினால், கண்குழியிலிருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கடைசியாக, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாலையில் வீக்கம் வடிந்துவிட்டால் அது நீர்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு முதல் இரண்டும், ஓரளவு நீரும் இருக்கும் என்று நினைக்கிறேன். காலை வீக்கத்துக்கு முதலில் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். ஆனால் வீக்கம் கண்ணோடு நிற்காமல் முகம் முழுவதும் இருந்தாலோ, காலும் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை வேண்டும். இமையருகே மஞ்சளாகத் தட்டையான திட்டு இருந்தால் இரத்தக் கொழுப்பையும் பார்க்க வேண்டும்.

தோல் தேய்ந்ததற்கு என்ன காரணம்? வயது ஒரு பங்கு. மாதவிடாய் நிற்கும் காலமும் சேர்ந்துகொள்ளும். நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. கொலாஜன் என்பது தோலை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் புரதம். ஆனாலும் உங்கள் விஷயத்தில் நான் முதலில் குற்றம் சொல்வது வெயிலைத்தான்.

"எங்கள் ஊரில் வெயிலே இல்லையே டாக்டர், குளிர்தானே?" என்று கேட்காத நோயாளி இந்த மலையில் இல்லை. தோலைச் சுடும் உணர்வு வேறு, தோலைக் கெடுக்கும் கதிர் வேறு. கெடுப்பது புற ஊதாக் கதிர். அதற்குச் சூடும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆக, கீழே வியர்த்து வழிந்துகொண்டு நிற்பவரைவிட, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கும் உங்கள் முகத்தில்தான் அந்தக் கதிர் அதிகமாக விழுகிறது. கீழே இருப்பவர் வெயில் சுடுகிறது என்று நிழலுக்கு ஓடிவிடுகிறார். நமக்கு இதமாக இருப்பதால் நாம் நிற்கிறோம். மெல்லிய மேகமும் மூட்டமும் இந்தக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதிலும் தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனை வெட்டுகிற வகை, ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும்.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்த காலையில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறோமே, அதை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். முதுகைக் காட்டி உட்காருங்கள், முகத்தைக் காட்டாதீர்கள்.

தோட்டத்துக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டுகிறீர்கள். அது நெற்றியை மறைக்கும், கண்ணுக்குக் கீழே நிழல் தராது. துண்டுக்கு மேலேயே, சுற்றிலும் நான்கு விரல் அகலமாவது விளிம்பு இருக்கும் துணித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமலும், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கும்படியும் பாருங்கள். முதல் எண் தோலைச் சிவக்க வைக்கும் கதிருக்கு. சுருக்கம் வரவைக்கும் கதிருக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணருகே பூசுவதற்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளது நல்லது, கண் எரியாது. வெள்ளையாகத் திட்டுத் தெரிகிறது என்றால் நம் நிறத்துக்கு ஏற்றபடி சாயம் சேர்த்தது கிடைக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து வேண்டும். கடுகளவு தொட்டுப் பூசினால் பயன் இல்லை. காலையில் ஒரு முறை, தோட்டத்தில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மழைக்காலத்திலும்தான். எந்தக் கிரீமும், எந்த லேசரும் கொடுப்பதை இது இல்லாமல் காப்பாற்ற முடியாது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: செல்போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் படிக்கிறேன் என்று. அம்மா, உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். இலைக் கணக்குச் சீட்டு, மின்கட்டண ரசீது, அரிசியில் கல் பொறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது என்று ஒரு நாளில் எத்தனை தடவை கண்ணை இடுக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த வளையத் தசை சுருங்கி, மேலே இருக்கும் தோலை அதே இடத்தில் மடிக்கிறது. வருடக்கணக்கில் மடித்த இடம் கோடாக நின்றுவிடும். கண் அழுத்தம் பார்க்கப் போகும்போதே கண்ணாடிக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். வெளியே போகும்போது கண்கூச்சத்துக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று குறிப்பு உள்ள குளிர்கண்ணாடி வேண்டும். வெறும் கறுப்புச் சாயம் பூசியதை ஊட்டிக் கடைவீதியில் பேரம் பேசி வாங்காதீர்கள். அதற்குள் கண்மணி விரிந்து, கதிர் இன்னும் அதிகமாகக் கண்ணுக்குள் போகும்.

விறகடுப்புப் புகையும் கண்ணை இடுக்க வைக்கும். கண் அரிக்கிறது என்று கசக்குகிற பழக்கமும் இமைத் தோலைத் தொங்க வைக்கும். அரிப்பு ஒவ்வாமையால் என்றால் அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது, கசக்குவது தானாக நிற்கும். இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம். தலைவலி, சளி என்றால் நீலகிரித் தைலத்தை நெற்றியில் தேய்த்துவிட்டு அதே கையோடு கண்ணைத் துடைப்போம். அந்தத் தைலம் இமைத் தோலுக்கு ஆகவே ஆகாது.

இனி மருந்து. சுருங்கிய தோலுக்கு இன்றைக்கு நம்மிடம் இருப்பதில் நெடுநாள் சோதிக்கப்பட்டது டிரெட்டினாயின் என்ற கிரீம். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் முகப்பருவுக்காக வந்தது. பிறகு வெயிலால் வந்த மெல்லிய சுருக்கங்களையும் குறைக்கிறது என்று தெரிந்து, 1995இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கும் அனுமதி கொடுத்தது. கொலாஜனை வெட்டும் நொதிகளை அடக்கி, புதிய கொலாஜன் உண்டாகத் தூண்டுகிறது. விலையும் அதிகம் இல்லை. சில நூறு ரூபாய் டியூப் மாதக்கணக்கில் வரும். ஆனால் இதுவும் மருத்துவர் சீட்டில்தான் வாங்க வேண்டும். கண்ணருகே போடுவதற்கு முறை இருக்கிறது.

ஸ்டீராய்டால் புண்பட்ட தோல் முழுவதும் ஆறிய பிறகுதான் இதைத் தொடங்கலாம். உங்களுக்கு அதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்வார். குறைந்த வீரியம் போதும், 0.025 சதவீதம். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் ஈரப்பதக் கிரீம் பூசுங்கள். கண்ணின் உள்முனையிலும் வெளிமுனையிலும் ஒரு பொட்டு வாசலின் வையுங்கள். மருந்து வழிந்து கண்ணுக்குள் போகாமல் அது தடுக்கும். கண்ணுக்குக் கீழே விரலால் தடவினால் ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பின் மேல், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு மிளகளவு மருந்தை மோதிர விரலால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். விளிம்புக்கு மேலே, இமை முடிப் பக்கம் போகாதீர்கள். தேய்க்காதீர்கள். அதற்கு மேல் மறுபடியும் ஈரப்பதக் கிரீம். முதல் மாதம் வாரத்தில் இரண்டு இரவு போதும். தோல் ஏற்றுக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒருநாள். கொஞ்சம் உரியும், வறளும். எரிந்து சிவந்தால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். நம் நிறத் தோலில் எரிச்சல் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுப் போகும் என்பதால் வீரம் காட்டக் கூடாது. கண் வறட்சி இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களும் தொடவே கூடாது. வீட்டில் மகளோடு இதைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள், கல்யாணப் பெண் அவள்.

பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், முழுவதும் தெரிய ஆறு மாதம். சுருக்கம் அழிந்துவிடாது, ஆழம் குறையும். டிரெட்டினாயின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரெட்டினால் என்ற மெதுவான தம்பி இருக்கிறது, கடையில் கண் கிரீம்களில் கிடைக்கும். மற்றபடி விலை உயர்ந்த கண் கிரீம்களில் பெரும்பாலானவை தோலை ஈரமாக்கிச் சில மணி நேரம் சுருக்கத்தை நிரவுகின்றன. அந்த வேலையைக் கிளிசரின் கலந்த சாதாரணக் கிரீமும் செய்யும். குளிர்காலத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புப் போட்டு முகம் கழுவுவதை நிறுத்தினாலே பாதி வறட்சி போய்விடும்.

வீட்டில் யாராவது எலுமிச்சைச் சாற்றைத் தடவச் சொல்வார்கள். வேண்டாம், இமைத் தோல் எரிந்து கறுத்துவிடும். நாட்டு மருந்துக் கடைக் குளியல் பொடியில் கார்போகரிசி இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள சோரலென் என்ற பொருள், வெயில் பட்டால் தோலை வேக வைத்துவிடும். தோட்ட வேலைக்குப் போகிறவர் முகத்தில் அதற்கு இடம் இல்லை. ஆறிய தேயிலைப் பையைக் கண்மேல் வைப்பது நல்லதுதான். காலை வீக்கம் கொஞ்சம் வடியும், சுருக்கம் போகாது.

ஊசிகளுக்கு வருகிறேன். போடாக்ஸ் என்று சொல்கிறார்களே, அது தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்துகிறது. உங்கள் கண் ஓரக் கோடுகளுக்குப் பொருத்தமானது அதுதான். அந்த இடத்துக்கு 2013இலிருந்து அமெரிக்காவில் முறையான அனுமதியும் இருக்கிறது. சில நாட்களில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் போய்விடும், மறுபடி போட வேண்டும். ஆனால் கண்ணுக்கு நேர் கீழே போடுவது வேறு விஷயம். அங்கே அளவு கூடினால் கீழ் இமை தளர்ந்து தொங்கும், பை இன்னும் துருத்தும். தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது.

ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்பும் ஊசி. கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே குழி விழுந்தவர்களுக்குத்தான் அது, சுருக்கத்துக்கு அல்ல. கண்ணுக்குக் கீழே அது நீரை இழுத்து வீங்கலாம், நீலமாகத் தெரியலாம். மிக அரிதாக, மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையே பறிபோன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பை இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வேறு யாராவது போட்டுக்கொள்வதாக இருந்தால், கரைக்கும் மருந்தான ஹயலுரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பெயரே தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள்.

லேசர் தோலில் நுண்ணிய காயங்களைச் செய்து, ஆறும்போது தோலை இறுக வைக்கிறது. நல்ல கையில் நல்ல வைத்தியம். ஆனால் நம் நிறத்தில் காயம் ஆறும்போது கறுத்துப் போகும் வாய்ப்பு அதிகம், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். செய்த பிறகு வாரக்கணக்கில் வெயில் படக் கூடாது. நீங்களோ ஆண்டு முழுக்கக் கொழுந்துக்குப் போகிறவர். ஏற்கெனவே ஸ்டீராய்டால் மெலிந்த தோல் வேறு. திருமணத்துக்கு முன்னால் லேசர் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அமிலம் பூசி உரிக்கும் பீலுக்கும் இதே பதில்தான். நாத்தனாரிடம் கோபிக்க வேண்டாம், அன்பால் சொல்கிறார். ஆனால் அந்த அழகு நிலையத்தில் ஊசி போடுவது யார், அவர் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரா, கண் மணியின் மேல் காப்புத் தகடு வைத்துத்தான் லேசர் செய்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

பை கொழுப்பால்தான் என்று தெரிந்தால் கிரீம், லேசர் எதுவும் அதைக் கரைக்காது. அதற்கு அறுவை சிகிச்சைதான். இமைக்கு உட்புறமாகவே செய்யலாம், வெளியே தழும்பு தெரியாது. கோவையில் பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற இமைச் சீரமைப்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். அவசரம் இல்லை, திருமணம் முடிந்த பிறகும் அது உங்களை உறுத்தினால் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். தேவைதான். இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று குடும்பத்தை நடத்திய ஒருவர், மகள் கழுத்தில் தாலி ஏறும் நாளில் தன் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படாமல் இருக்க நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. 60,000 ரூபாய் செலவழிப்பதா என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நான் அவர் பக்கம். நான் சொன்ன தொப்பி, சன்ஸ்கிரீன், படிக்கும் கண்ணாடி, டிரெட்டினாயின் எல்லாம் சேர்த்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அவருக்கும் ஒரு தொப்பி வாங்குங்கள்.

ஐந்து மாதக் கணக்கு இது. இந்த வாரம் டியூபை நிறுத்துவது, தோல் மருத்துவர், கண் மருத்துவர். தொப்பியும் கண்ணாடியும் உடனே; சன்ஸ்கிரீன் எரிச்சல் தணிந்ததும். தோல் ஆறியதும் டிரெட்டினாயின். ஆடி மாதத் தொடக்கத்தில் கண் ஓரக் கோடுகள் இன்னும் மனதை வருத்தினால், தோல் மருத்துவரிடம் போடாக்ஸ் பற்றிப் பேசலாம். திருமணத்துக்கு மூன்று வாரமாவது முன்னால் போட்டுவிட வேண்டும், ஏதாவது சரிசெய்ய நேரம் வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிரெட்டினாயினை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஒப்பனை உரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். கடைசி இரண்டு வாரம் யார் என்ன கொடுத்தாலும் புதிதாக எதையும் முகத்தில் வைக்காதீர்கள், ஃபேஷியலும் உட்பட. முகூர்த்தத்தன்று ஒப்பனை செய்பவரிடம், கண்ணுக்குக் கீழே முதலில் ஈரப்பதக் கிரீம் பூசிச் சில நிமிடம் விட்டு, அதற்கு மேல் மெல்லியதாக மட்டும் பூச்சுப் போடச் சொல்லுங்கள். பவுடரை அங்கே அப்பினால் இல்லாத சுருக்கமும் தெரியும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த டியூபோடு, காலையும் மாலையும் எடுத்த படங்களையும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோங்கள்.